தூபக்காலுக்காக உருக்கிய அலுமினிய வெண்கலம்: இரண்டாம் வார்ப்பு வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் அம்மா சாம்பிராணி போடுவார். தணலைச் சுமக்கும் இரும்புத் தூபக்கால் ஒவ்வொரு முறையும் செதில் செதிலாக உதிர்ந்து, போன ஆண்டு அடியில் ஓட்டையே விழுந்துவிட்டது. தணல் தாங்கும் உலோகத்தை நானே உருக்கிப் பார்க்க ஆரம்பித்தது அப்படித்தான்.

வெப்பம் தாங்குவது என்றால் எளிதில் உருகாமல் இருப்பது என்றே நினைத்திருந்தேன். இரும்பு 1538 டிகிரியில்தான் உருகும். தணல் அதன் பக்கத்தில்கூடப் போகாது. எங்கள் தூபக்காலைத் தின்றது காற்று. சூட்டில் மேலே படியும் செதில் உதிர உதிர, உள்ளே இருக்கும் புது இரும்பும் ஆக்சிஜனிடம் மாட்டுகிறது. அலுமினியம் கலந்த செம்பில், அதாவது அலுமினிய வெண்கலத்தில், மெல்லிய அலுமினாத் தோல் (அலுமினிய ஆக்சைடு) படர்ந்து இறுக ஒட்டிக்கொள்கிறது. அதனால், செம்பைவிடக் குறைந்த சூட்டில் உருகும் இந்தக் கலவை செம்பைவிட நன்றாகத் தணலைத் தாங்கும். மின்சார அடுப்புகளில் சூடேறும் நிக்ரோம் கம்பியில் இதே வேலையைக் குரோமியம் செய்கிறது. நம் நாட்டுப் புஷ்வெல்ட் பாறைகளில் கொட்டிக் கிடக்கிறதே, அதே குரோமியம்தான்.

முதல் வார்ப்புக்குப் பழைய மின்கம்பிச் செம்பு 880 கிராம், அலுமினியம் 120 கிராம். பித்தளைத் துண்டு ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாது என்று இருமுறை பொறுக்கினேன். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துப் புகையும், அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். உலோகம் உருக்கும் கலத்தைத் தாத்தா நகைப் பட்டறையில் மூசை என்பாரே, அந்தக் கிராஃபைட் மூசையில் முதலில் செம்பு உருகியது. அப்புறம் அலுமினியத்தைச் சிறு துண்டுகளாகப் போட்டேன். போடப் போட, உலோகம் தானாகவே இன்னும் வெளுத்து ஒளிர்ந்தது! இரண்டும் சேரும்போதே வெப்பம் வெளியாகிறது. எரிவாயுவை அப்போதே குறைத்திருக்க வேண்டும்.

மணல் அச்சிலேயே இரவு முழுக்க ஆறவிட்டேன். காலையில் பொன்னிறமாக இருந்த கிண்ணம், கை நழுவிச் சிமெண்டில் விழுந்ததும் இரண்டாக உடைந்தது. மனசு கஷ்டமாகிவிட்டது. 12 சதவீத அலுமினியம் என்பது மிக அதிகம். அதோடு 565 டிகிரியை மெதுவாகக் கடந்தால் உள்ளே கடினமான, நொறுங்கும் படிகம் உருவாகிவிடும்.

இரண்டாம் முறை 920க்கு 80. மூசையின் வாயை அச்சுக்கு மிக அருகில் வைத்து, தாரை அறாமல் ஊற்றினேன். இல்லையென்றால் அலுமினாத் தோல் மடிந்து உள்ளே சிக்கிவிடும். முழுக்க இறுகியதை உறுதிசெய்துகொண்டு, மங்கிய சிவப்பாக இருக்கும்போதே மணலை உடைத்துத் தண்ணீரில் அமிழ்த்தினேன். சுத்தியலால் அடித்தால் நசுங்கியதே தவிர உடையவில்லை.

சரி, தணல் தாங்குமா? இரும்பு, செம்பு, இந்தக் கலவை மூன்றிலும் ஒரு பட்டையை 800 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். செம்பு கறுப்பாக உரிந்தது, இரும்பு பொருக்குத் தட்டியது. கலவையில் நிறம் மட்டும் மங்கியது.

கிண்ணம் இரண்டு வெள்ளிக்கிழமைகளைப் பார்த்துவிட்டது. கைப்பிடி சேரும் இடத்தில் மட்டும் ஒரு சுருக்கக் குழி. இந்த உலோகம் இறுகும்போது நிறையவே சுருங்குகிறது. அடுத்த வார்ப்பில் அந்த இடத்துக்கு மேலே அகலமான குழி வைத்து, அதிலிருந்து உலோகம் இறங்கி நிரம்பும்படி அச்சைச் செய்யப் போகிறேன்.