வால்வைத் திறந்தது யார் என்று கேட்கிறார்கள்

நவம்பர் 25, 2024, திங்கள்

ஐஸ் கம்பெனியில் அம்மோனியா அடித்துத் தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இன்னும் தொண்டை டியூப் எடுக்கவில்லை. கண்ணை மட்டும் விடாமல் கழுவுகிறார்கள். கழுவி முடித்ததும் லிட்மஸ் தாளை இமைக்குள் தொட்டுப் பார்க்கிறார் அந்தச் சின்ன டாக்டர். நீலம், காரம் இன்னும் போகவில்லை. மறுபடியும் கழுவச் சொல்கிறார். எத்தனை வருஷமாக அந்தத் தாளை வகுப்பில் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறேன். என் தம்பி கண்ணில் வைத்துப் பார்க்க நேரும் என்று யார் நினைத்தது.

நவம்பர் 26

மேனேஜர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார். தொண்டை வெந்து கிடக்கிறவனுக்கு ஆப்பிள் எதற்கு என்று வாய் வரை வந்தது. தம்பி மனைவி செல்வி முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கிளம்பும்போது அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்: "வால்வை அவருதாம்மா தொறந்திருக்காரு. நாங்க என்ன செய்ய முடியும்?"

நவம்பர் 27

தூக்கம் இல்லை. அந்த ஒரு வரிதான் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சரி, திறந்தான். திறக்காமல் எப்படி? அதுதானே அவன் வேலை. கம்ப்ரஸருக்குப் போடும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரூட்டுகிற அம்மோனியாவோடு போய்க் குழாய்களின் அடியில் தங்கும். திரவ அம்மோனியாவைவிட ஆயில் கனம், அதனால் கீழேதான் நிற்கும். அதை அவ்வப்போது வடிக்காவிட்டால் ஐஸ் பிடிக்காது. குழாய் வாயில் கெட்டியான கசடு அடைத்திருந்தால் ஒன்றும் வராது. இன்னும் கொஞ்சம் திறப்பார்கள். திடீரென்று அடைப்பு பிடுங்கிக்கொண்டால் ஆயிலின் பின்னாலேயே அம்மோனியா பாயும். திறந்தவன் மூடத்தான் பார்ப்பான், ஆனால் அதற்குள் கண் போய்விடும், மூச்சு நின்றுவிடும்.

இதற்குத்தான் ஸ்பிரிங் வால்வு என்று ஒன்று இருக்கிறது. கையால் பிடித்திருக்கும் வரை திறந்திருக்கும், கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். தீபாவளிக்கு வந்தபோது அவனே சொன்னான், "அக்கா, ஒரு ஸ்பிரிங் வால்வு போடுங்கன்னு கேட்டுட்டேன். ஆஃப் சீசன்ல பாக்கலாம்ங்கிறாங்க." அந்த வால்வு விலை என்ன இருக்கும்? ஒரு நாள் மீன் மார்க்கெட்டுக்கு ஏற்றுகிற ஐஸ் காசு வருமா?

முகமூடி இருந்ததாம். வாயுவை வடிகட்டுகிற அதன் டப்பா காலாவதியாகி எவ்வளவோ காலம் ஆகிறதாம்.

நவம்பர் 28

தம்பியோடு வேலை பார்த்த ஒடிசாப் பையன் நேற்று ராத்திரி இறந்துவிட்டான்.

நவம்பர் 29

அவன் பெயர் கம்பெனி ரிஜிஸ்டரில் இல்லை. காண்ட்ராக்டர் ஆளாம். காண்ட்ராக்டர் போன் எடுக்கவில்லை. அவன் ஊருக்கு யார் தகவல் சொல்வது என்று மார்ச்சுவரி வாசலில் ஒரு போலீஸ்காரர் எங்களைக் கேட்கிறார். தம்பி போனில் தேடினேன். "சோட்டு" என்று மட்டும் போட்டு ஒரு நம்பர் இருக்கிறது. அடித்தால் அது அவனுடைய நம்பரேதான், ஸ்விட்ச் ஆஃப்.

பதினெட்டு பத்தொன்பது வயசுதான் இருக்கும். செல்வி கையால் சாப்பிட்டிருக்கிறான்.

டிசம்பர் 2, ராத்திரி

வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றோடு போபாலில் விஷவாயு கசிந்து நாற்பது வருஷம். ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் ப்ளஸ் ஒன் வகுப்பில் சொல்லுவேன்: 1984 டிசம்பர் 2 ராத்திரி, யூனியன் கார்பைடு, மெத்தில் ஐசோசயனேட், 40 டன், பூச்சிக்கொல்லி மருந்துக்கான சரக்கு. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் இல்லை.

போனில் மறுபடி எல்லாவற்றையும் படித்தேன். E610 என்ற தொட்டிக்குள் தண்ணீர் போனது. தண்ணீரும் அந்தத் திரவமும் சேர்ந்தால் சூடு கிளம்பும், சூடு ஏற ஏற வினை இன்னும் வேகமாகும். தொட்டிக்குள் 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. அந்தத் திரவம் 39 டிகிரியிலேயே கொதிக்கும்.

தண்ணீர் எப்படிப் போனது? குழாய் கழுவும்போது போட வேண்டிய அடைப்புத் தகட்டைப் போடாததால் போனது என்றார்கள் தொழிலாளர்கள். யாரோ ஒரு தொழிலாளி கோபத்தில் வேண்டுமென்றே ஹோஸை மாட்டிவிட்டான் என்றது கம்பெனி. இதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியும் தேடியது ஒரு கையைத்தான்.

கை யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். தொட்டியைக் குளிராக வைத்திருக்க வேண்டிய இயந்திரத்தை அந்த ஜூன் மாதமே நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்த ஃப்ரியான் என்ற குளிரூட்டும் வாயுவையும் வேறு வேலைக்கு எடுத்துவிட்டார்கள். வெளியேறும் வாயுவைக் காஸ்டிக் சோடாவில் கழுவ வேண்டிய ஸ்கிரப்பர் தயாராக இல்லை. மிச்சத்தை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாயைத் துருப்பிடித்தது என்று கழற்றி வைத்திருந்தார்கள். தண்ணீர் பீச்சினார்கள், வாயு வெளியேறிய உயரத்துக்கு அது எட்டவில்லை. அந்தப் பிரிவில் ஷிப்டுக்கு 12 பேர் இருந்த இடத்தில் 6 பேர் ஆக்கியிருந்தார்கள். இதில் எதையும் ஷிப்டில் நின்றவன் முடிவு செய்யவில்லை.

1981 டிசம்பரிலேயே அங்கே அஷ்ரஃப் என்ற தொழிலாளி பாஸ்ஜீன் வாயுவால் செத்திருக்கிறார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் அதைப் பிடித்துக்கொண்டு விசாரித்து, 1982லேயே ஊரை எச்சரித்து எழுதியிருக்கிறார். இரண்டு வருஷம் இருந்தது. இரண்டு வருஷம்!

ஊர்ச் சனங்களுக்கு என்ன வாயு என்று சொல்ல ஆளில்லை. ஆலைக்குப் பக்கத்து ஜெயப்பிரகாஷ் நகரில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள், பலர் காற்று போன திசையிலேயே. ஓட ஓட மூச்சு வாங்கும், வாங்க வாங்க உள்ளே போகும். ஒரு துணியை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாலே எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். தொட்டிக்குள் போய் இவ்வளவையும் செய்த அதே தண்ணீர்தான். ஈரத் துணி. அதைச் சொல்ல ஒரு வாய் இல்லை.

டிசம்பர் 3

அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

டிசம்பர் 6

தொண்டையில் துளை போட்டுச் சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். பேச முடியாது. வலது கண் நிழலாகத் தெரிகிறதாம். பாப்பாவின் சிலேட்டைக் கொண்டுவந்து கொடுத்தோம். கோணல் கோணலாக முதலில் எழுதியது: "சோட்டு".

செல்வி என்னைப் பார்த்தாள். நான் "பக்கத்து வார்டு" என்றேன்.

டிசம்பர் 7

சிலேட்டில் இன்று: "துண்டு நனச்சேன். அவனுக்குப் போட்டேன்."

அப்படியென்றால் தன்னுடைய துண்டை. இவன் முகத்தில் எதுவும் இல்லை. மேனேஜருக்கு இது தெரியுமா? தெரிந்தாலும் எந்தக் காகிதத்தில் எழுதுவார்?

டிசம்பர் 7 என்றதும் இன்னொன்று. யூனியன் கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சனைப் போபாலில் கைது செய்ததும் இதே தேதிதான். அன்றைக்கே ஜாமீன், அன்றைக்கே அரசாங்க விமானத்தில் டெல்லி. 2014ல் சாகும்வரை இந்தியக் கோர்ட்டுப் படி ஏறவே இல்லை.

டிசம்பர் 11

அரையாண்டுப் பரீட்சை டியூட்டிக்குப் போனேன். லேபில் அம்மோனியா நீரூற்று செய்யும் குடுவை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. குடுவை நிறைய அம்மோனியா பிடித்துத் தலைகீழாக மாட்டினால், கீழே இருக்கும் பினாப்தலீன் கலந்த தண்ணீர் தானே மேலே ஏறி ரோஜா நிறத்தில் பீச்சும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒரு பங்கு தண்ணீர் சுமார் 700 பங்கு அம்மோனியாவை இழுத்துக்கொள்ளும், அதனால்தான் அந்த வேகம்.

மனுஷனுடைய கண்ணிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரத்தைத் தேடி அது போவதும் அதனால்தான். ஈரத் துணி காப்பாற்றுவதும் அதனால்தான். குடுவையை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

டிசம்பர் 13

கார்த்திகை. மழை நசநசவென்று. பாப்பா மட்டும் வாசலில் ரெண்டு விளக்கு வைத்தாள்.

டிசம்பர் 19

பெரிய டாக்டர் நிதானமாக உட்கார்ந்து பேசினார். அவருக்குப் புண்ணியம். உயிருக்குப் பயமில்லை, ஆனால் மூச்சுக்குழாய்கள் தழும்பு விழுந்து சுருங்கக்கூடும், சளி தங்கித் தங்கி வரும், படி ஏறினால் வாங்கும், வருஷக்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். "பழைய வேலைக்கு இனி வேண்டாம்மா."

போபாலில் உடனடியாக இறந்தவர்கள் 2,259 என்றது முதல் கணக்கு. அப்புறம் மத்தியப் பிரதேச அரசு 3,787 என்றது. பாதிக்கப்பட்டவர்கள் 5,58,125 பேர் என்று 2006ல் அதே அரசு கோர்ட்டில் சொன்னது. 1989ல் இந்திய அரசும் கம்பெனியும் 47 கோடி டாலருக்கு எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மூச்சு வாங்கியவர்கள், அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எல்லாம்? கூடுதல் நஷ்டஈடு கேட்ட மனுவையும் 2023ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. சோட்டு மாதிரி ரிஜிஸ்டரில் இல்லாதவர்கள் அங்கே எத்தனை பேரோ.

டிசம்பர் 20

கம்பெனி ஆள் ஒரு காகிதம் கொண்டுவந்தார். "அஜாக்கிரதையால் நேர்ந்த விபத்து" என்று டைப் அடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உடனே பணமாம். பெரியாஸ்பத்திரியில் எங்களுக்கு என்ன செலவு? செல்வி வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "அவுக எந்திரிச்சு வந்து எழுதட்டும்ணே," என்றாள். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

டிசம்பர் 26

எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் அம்மோனியாக் குழாய் கசிந்து ராத்திரியோடு ராத்திரியாகச் சனம் ஓடியது போன வருஷம் இதே நாள். அன்றைக்கு டிவியில் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றிய ஞாபகம்.

டிசம்பர் 28

சோட்டுவின் அண்ணன் வந்துவிட்டார். தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. உடலை எடுத்துப்போக வழியில்லாமல் தத்தனேரிச் சுடுகாட்டிலேயே முடித்தார்கள். அவன் உண்மைப் பெயரைக் கேட்டு எழுதி வாங்கி என் பையில் வைத்திருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன். எழுத வேண்டிய இடம் வேறு.

தம்பிக்குச் சொல்லிவிட்டோம். சிலேட்டைத் தள்ளிவிட்டான்.

ஜனவரி 2, 2025

போபால் ஆலைக்குள் கிடந்த நச்சுக் கழிவு 337 டன், நேற்று ராத்திரி 12 லாரிகளில் கிளம்பி, 250 கிலோமீட்டர் தாண்டி பீதாம்பூருக்குப் போயிருக்கிறது, எரிப்பதற்கு. நாற்பது வருஷம் அங்கேயே கிடந்தது. இப்போது பீதாம்பூர்க்காரர்கள் பயப்படுகிறார்கள். பயப்படாமல் என்ன செய்வார்கள்? மண்ணுக்குள்ளும் கிணற்றுத் தண்ணீருக்குள்ளும் இறங்கினதை எந்த லாரியில் ஏற்றுவது?

போபால் வழக்கின் 2010 தீர்ப்பையும் தேடிப் படித்தேன். குற்றவாளி என்று முடிவான கம்பெனி அதிகாரிகளில் உயிரோடு இருந்த ஏழு பேருக்கு இரண்டு வருஷம் சிறை, அன்றே ஜாமீன்.

ஜனவரி 4

குழாய் வாயை விரலால் மூடிக்கொண்டு பேசப் பழக்குகிறார்கள். காற்றாகத்தான் வருகிறது, ஆனால் புரிகிறது. "அக்கா, வால்வு பழசு. எழுதிக் குடுத்தேன்."

எழுதிக் கொடுத்தானா? எப்போது, யாரிடம், நகல் இருக்கிறதா? மூச்சு வாங்கியதால் அதற்கு மேல் கேட்க நர்ஸ் விடவில்லை. சைக்கிள் பையில் ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருப்பான் என்கிறாள் செல்வி. சைக்கிள் இன்னும் கம்பெனி ஷெட்டில் நிற்கிறது.

திங்கட்கிழமை பத்தரைக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்க வருகிறாராம். அதற்குள் சைக்கிளை எடுக்க வேண்டும். நாளைக்குக் காலையிலேயே போகிறோம், நானும் செல்வியும். தடுத்தால் ஸ்டேஷனுக்கு.