நிரை வேற, சேர்

வகுப்பு முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. என்னிடம் இருக்கும் ஒரே சாக்கு அது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பலகையில் இரண்டு மூலைவிட்டத் தாயங்கள், அதாவது மூலைவிட்டத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் பூச்சியமான எண்சதுரங்கள். ஒன்றில் இசட், 1. மற்றதில் 1, இசட். இரண்டின் துணிகோவையும் (இங்கே மூலைவிட்ட உறுப்புகளின் பெருக்கம்) இசட்தான். "துணிகோவைகளுக்கு ஒரே மூலம், அதனால் தாயங்களுக்குப் பொதுக் காரணி உண்டு" என்றேன். சாதாரணப் பல்லுறுப்பிகளுக்கு அது சரி. நாக்கு பழக்கத்தில் போய்விட்டது.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை ஒருவர் எழும்பினார். "எனக்கு வரல சேர். ரெண்டும் பூச்சியத்திலதான் விழுது. ஆனா நிரை வேற, சேர்."

தாயத்தின் வரிசைக்கும் நிரை என்றுதான் பெயர். வகுப்பு சிரித்தது. அம்மாமார் கொழுந்து பறிக்க நிரை பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். நானும் சிரித்தேன். "அது விசேட சந்தர்ப்பம், பரீட்சைக்கு வராது" என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டு ஏறும்போது டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். இசட் பூச்சியமாகும்போது முதல் தாயம் (1, 0) என்ற காவியை, அதாவது அந்தத் திசையை, அழித்துப் பூச்சியமாக்குகிறது, இரண்டாவது (0, 1)ஐ. இரண்டும் சேர்ந்து அழிக்கும் காவி கிடையாது. முதலாவதை 0, 1 மூலைவிட்டத்தாலும் இரண்டாவதை 1, 0 மூலைவிட்டத்தாலும் இடப்பக்கம் பெருக்கிக் கூட்டினால் அலகுத் தாயமே (எண்களில் 1 போன்றது) வந்துவிடுகிறது. வலப்பக்கம் பொதுக் காரணி இருந்தால் அது அலகுத் தாயத்தையும் வகுக்க வேண்டுமே! விசேட சந்தர்ப்பமா? விஷயமே அதுதான். எங்கே பூச்சியமாகிறது என்பது போதாது, எந்தத் திசையில் என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்த கிழமை "ஒரு சின்னத் திருத்தம்" என்று எழுதிப் போட்டேன். யார் கண்டுபிடித்தது என்று சொல்லவில்லை. பிள்ளை கூச்சப்படும் என்று அப்போது நினைத்தேன். முழு வகுப்பின் முன்னால் எழும்பி நின்ற பிள்ளைக்கு என்ன கூச்சம்? ஆனால் ஐந்து நிமிடத்தில் யார்தான் எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள்? இந்த இரண்டு எண்ணமும் மாறி மாறி வருகின்றன. அவரும் மற்றவர்களைப் போலவே திருத்தத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் மேசையடிக்கு வந்தார். "இடப்பக்கம் வகுத்தா என்னாகும், சேர்?"

ஹார்டி வெளி என்ற சார்புகளின் தொகுதியிலிருந்து தொடங்கினேன். தனிச் சார்புக்குக் கணிதர் பெர்லிங் 1949இல் காட்டியதை இன்னொரு கணிதர் லாக்ஸ் 1959இல் காவிச் சார்புகளுக்குக் கொண்டுபோனது, தன் மடங்குகளால் ஒரு வெளியை உண்டாக்கும் உட்சார்பு ஒன்று மற்றதை இடப்பக்கம் வகுக்கிறதா என்பது ஒரு வெளி இன்னொன்றுக்குள் அடங்குகிறதா என்ற கேள்வியாவது, எல்லாம் சொன்னேன். எங்கள் இரண்டு தாயங்களின் வெளிகளையும் கூட்டினால் முழு வெளியும் வந்தது. இடப்பக்கமும் பொதுக் காரணி இல்லை. "அப்ப அன்னைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கி நிறுத்தினார். நான் பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். ஹட்டன் பஸ் போய்விட்டிருந்தது.