நாலு மணிக்கு நின்றுபோகும் டேட்டாபேஸ்

"ஏனுங்க தம்பி, மறுபடியும் நின்னு போச்சுங்க" என்று கணக்குப்பிள்ளை ஐயா போன் செய்தபோது என் பஸ் அவிநாசியைத் தாண்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஈரோட்டில் அந்தக் கடையில்தான் இருந்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பி வைத்தார்கள். கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் மறுபடி நின்றுவிட்டது. மணியைப் பார்த்தேன், நாலு ஐந்து. திங்கள், செவ்வாயும் இதே நேரம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அது மொத்த ஜவுளிக்கடை. கீழே மூன்று பில் கவுண்டர். முதல் கவுண்டர் கம்ப்யூட்டரில்தான் பில்லிங் மென்பொருள் தன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருக்கிறது. மாடியில் கணக்கு அறை. அங்கே இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் பைத்தான் மொழியில் நான் எழுதிக் கொடுத்த சின்ன நிரல் ஓடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருப்பைப் படித்து, எந்த ரகம் தீரப்போகிறது என்று திரையில் காட்டும், அவ்வளவுதான். எட்டு மாதமாக ஒரு புகார் இல்லை.

திங்கட்கிழமை, ஆடித் தள்ளுபடிக் கூட்டம். நாலு மணிக்கு மேல் இரண்டு கவுண்டரில் பில் போட முடியவில்லை, ஒன்றில் மட்டும் ஓடுகிறது என்றார்கள். என் திரையிலும் புது விவரம் வரவில்லை. இங்கிருந்தே ரிமோட்டில் கடைக் கம்ப்யூட்டருக்குள் போய், என் நிரல் நடந்ததை எழுதி வைக்கும் லாக் கோப்பைத் திறந்தேன். "இணைப்பு கிடைக்கவில்லை, பிறகு முயல்கிறேன்" என்று வரிசையாக இருந்தது. இந்த வாக்கியத்தை எழுதியது போஸ்ட்கிரெஸ் இல்லை, நான். எந்தப் பிழை வந்தாலும் நிரலில் அதற்கென்று உள்ள எக்செப்ட் பகுதியில் பிடித்து, அழகான தமிழில் இப்படி ஒரு வரி எழுதிவிட்டு, உண்மையான செய்தியைக் குப்பையில் போடும்படி எட்டு மாதத்துக்கு முன்னால் நானே எழுதி வைத்திருந்தேன். ஆனால் திங்களன்று அது என் கண்ணில் படவே இல்லை. "டேட்டாபேஸ் நின்றிருக்கும், ரீஸ்டார்ட் பண்ணுங்க ஐயா" என்றேன். பண்ணினார், சரியானது. மறுநாளும் அதே கதை, அதே மருந்து.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் கோளாறைப் போல ஆளை ஏமாற்றுவது வேறு இல்லை. நோய் போனது என்று நினைத்துக்கொண்டே இருப்போம்.

பில்லிங் மென்பொருள் கம்பெனியிலும் கேட்டார்கள். ஒரு புகார் எண்ணைக் கொடுத்து, "எங்க பக்கம் ஒண்ணும் இல்ல, வேற ஏதாவது ப்ரோக்ராம் போட்டிருந்தா எடுத்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் எதையும் பார்க்காமல் சொன்னதுதான் என்றாலும், சொன்னது சரி என்று பிறகு தெரிந்தபோது இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது.

ஒரு கவுண்டர் ஓடுகிறது, இரண்டு ஓடவில்லை என்றால் கேபிள் கோளாறாகத்தான் இருக்கும் என்று முதலாளி முடிவு கட்டினார். நானும் ஆமாம் போட்டேன். அதனால்தான் புதன்கிழமைப் பயணம். ஒவ்வொரு கேபிளையும் கழற்றி மாட்டிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தேன். பஸ்ஸில் போன் வந்த பிறகு முதலாளி பொறுக்கவில்லை. நெட்வொர்க் ஆளைக் கூப்பிட்டு ரூட்டரையே மாற்றச் சொல்லிவிட்டார். அது இன்னொரு தலைவலி, பின்னால் வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த எக்செப்ட்டைத் திருத்தினேன். ஒரே மாற்றம்: பிழை என்ன சொல்கிறதோ அதை அப்படியே லாக்கில் எழுது. வியாழன் நாலு மணிக்கு ரிமோட்டில் காத்திருந்தேன். வந்தது: "சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி".

டேட்டாபேஸ் நிற்கவே இல்லை. வீடு நிறைய ஆள் இருந்ததால் கதவைச் சாத்திவிட்டது.

போஸ்ட்கிரெஸ் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு ஏற்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு, நாம் மாற்றாவிட்டால் அது 100. அதில் 3 இடம் நிர்வாகிக்கென்று ஒதுக்கியது. மற்ற இடமெல்லாம் நிரம்பினாலும் நிர்வாகி உள்ளே வந்து பார்க்க வழி இருக்கட்டும் என்பதற்காக. நான் அந்த வழியாகப் போய்ப் பார்க்க முயன்றேன், அங்கேயும் அதே செய்தி. என் நிரல் எட்டு மாதமாக "போஸ்ட்கிரெஸ்" என்ற நிர்வாகி பெயரிலேயே நுழைந்துகொண்டிருந்தது. வெறுமனே இருப்பைப் படிக்கிற நிரலுக்கு வீட்டுச் சாவி முழுவதையும் கொடுத்திருந்தேன். அது அந்த 3 இடத்தையும் தின்றுவிட்டது. முதல் நாள் அவசரத்தில் போட்டது, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது. எல்லாரும் இப்படித்தான் விடுகிறோம்.

ஒரு கவுண்டர் மட்டும் ஓடியதன் காரணமும் புரிந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த இணைப்பை யாரும் வெளியே தள்ளுவதில்லை. நாலு மணி டீக்கு லாக்அவுட் செய்துவிட்டுப் போன இரண்டு பேருக்குத்தான் திரும்ப நுழைய இடம் கிடைக்கவில்லை. டீக்குப் போகாதவர் நிம்மதியாகப் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி முறையாக ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, அரை மணி கழித்து "பி.ஜி. ஸ்டாட் ஆக்டிவிட்டி"யைப் பார்த்தேன். யார் யார் எங்கிருந்து உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் அது. பில்லிங் மென்பொருளுடையவை 15. மீதி ஆறும் மாடிக் கம்ப்யூட்டர் முகவரியிலிருந்து வந்தவை, எல்லாம் வேலை எதுவும் இல்லாமல் "ஐடில்" என்று உட்கார்ந்திருந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஆறு. 100இல் 15 போனால் 85. அது நிரம்ப 425 நிமிடம், ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். காலை ஒன்பதுக்குக் கம்ப்யூட்டரைப் போட்டால் மாலை நாலு. நாலு மணிக்கு ரீஸ்டார்ட் செய்தால் அடுத்தது இரவு பதினொன்று, அதற்குள் கடையைப் பூட்டிவிடுவார்கள். தாளில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இனி என் குற்றம். பைத்தானை போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைக்கோபிஜி 2 தொகுப்பில் "வித்" போட்டு இணைப்பைத் திறந்தால், உள்ளே இருக்கும் வேலை முடிந்ததும் இணைப்பு மூடிவிடும் என்று நம்பியிருந்தேன். கோப்பைத் திறக்கும்போது அப்படித்தானே நடக்கிறது! இங்கே அப்படி இல்லை. "வித்" முடியும்போது அது கமிட் செய்யும், அதாவது மாற்றத்தைப் பதிந்து வைக்கும்; பிழை வந்தால் ரோல்பேக் செய்யும், அதாவது பழைய நிலைக்குத் திருப்பும். இணைப்பை மூடாது. இது ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. பைத்தானோடு வரும் இன்னொரு டேட்டாபேஸ் தொகுப்பான எஸ்க்யூலைட் 3இலும் இதே வழக்கம்தான். சைக்கோபிஜி 3இல் மட்டும் "வித்" மூடிவிடும். ஒரே குடும்பம், இரண்டு குணம்.

அப்படியென்றால் எட்டு மாதம் எப்படி ஓடியது? இந்தக் கேள்விதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. முன்பு இணைப்பு ஒரு ஃபங்ஷனுக்குள், அதாவது நிரலின் ஒரு துண்டுக்குள், இருந்த சாதாரண மாறி (வேரியபிள்). ஃபங்ஷன் முடிந்ததும் அதைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. பைத்தான் தானே அதைத் துடைத்தெறியும், அதோடு இணைப்பும் மூடிக்கொள்ளும். நான் ஒன்றும் ஒழுங்காகச் செய்யவில்லை, பைத்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. முந்தைய ஞாயிறு, "காலையிலிருந்து வந்த அறிக்கை எல்லாத்தையும் பார்க்கணுங்க" என்று ஐயா கேட்டிருந்ததால், ஒவ்வோர் அறிக்கையையும் ஒரு பட்டியலில் சேர்த்து வைக்கும்படி மாற்றினேன். அந்த அறிக்கைக்குள்ளே இணைப்பும் இருந்தது. பட்டியல் அதை விடவில்லை, பைத்தானும் துடைக்கவில்லை. திங்களன்று "ஏதாவது மாத்தினீங்களா தம்பி" என்று ஐயா கேட்டதற்கு, "திரையில் மட்டும்தான், டேட்டாபேஸைத் தொடவே இல்லை" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன்.

எல்லையை 500 ஆக உயர்த்திவிடு என்று நண்பன் ஒருவன் சொன்னான். யாராவது உங்களுக்கும் சொல்வார்கள், கேட்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் கம்ப்யூட்டரில் தனியாக ஓடும் ஒரு ப்ராசஸ். அந்தப் பழைய கம்ப்யூட்டர் மூச்சுத் திணறியிருக்கும், ஓட்டையும் அடைபட்டிருக்காது.

திருத்தம் பத்து நிமிடம். பைத்தானின் கான்டெக்ஸ்ட்லிப் தொகுப்பில் உள்ள, வேலை முடிந்ததும் மூடிவிடும் "குளோசிங்" கொண்டு இணைப்பைச் சுற்றினேன். அறிக்கைக்குள் இணைப்பை வைப்பதை நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை போன்: "இப்ப மாடியில சுத்தமா வரலீங்க." வியாழன் இரவு புது ரூட்டர் வந்துவிட்டது. மறுபடி பஸ்.

இந்த முறை செய்தியைப் படித்தேன். "டைம்டு அவுட்". இது "ரெஃப்யூஸ்டு" என்பதிலிருந்து வேறு. ரெஃப்யூஸ்டு என்றால் பெரும்பாலும் வீடு இருக்கிறது, ஆனால் போஸ்ட்கிரெஸுக்கான 5432 என்ற கதவில் (போர்ட்) யாரும் இல்லை. டைம்டு அவுட் என்றால் தட்டியதற்குப் பதிலே இல்லை: வீடே அங்கே இல்லை, அல்லது இடையில் ஒருவன் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறான். எனக்கு இந்த இரண்டு காரணமும் சேர்ந்து வந்திருந்தது. பழைய ரூட்டரில் முகவரிகள் 192.168.0 என்று தொடங்கும், புதியதில் 192.168.1. நான் முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். மாற்றினேன், அப்போதும் டைம்டு அவுட். இரண்டாவது ஆள், வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வால். ரூட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு "பப்ளிக்" என்று குறித்துவிட்டது. நான் போட்ட அனுமதி "பிரைவேட்" நெட்வொர்க்குக்கு மட்டும். கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பிங் செய்து பார்த்து முடிவு கட்டாதீர்கள், பிங் தடுக்கப்பட்டிருந்து 5432 திறந்திருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் "டெஸ்ட் நெட்கனெக்ஷன்" கட்டளைக்குப் போர்ட் எண்ணையும் கொடுத்துப் பார்ப்பதே நல்லது.

அடுத்த செய்தி: எந்த முகவரியிலிருந்து யார் நுழையலாம் என்று போஸ்ட்கிரெஸ் பார்க்கும் பி.ஜி.எச்.பி.ஏ. கோப்பில் உன் முகவரிக்கு வரி இல்லை. இதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். திட்டினாலும், இப்போது திட்டுவது போஸ்ட்கிரெஸ். அதாவது கதவு வரை போய்விட்டேன். கோப்பில் பழைய முகவரி வரிசை இருந்தது, திருத்தி ரீலோட் செய்தேன், அதாவது கோப்பை மறுபடி படிக்கச் சொன்னேன். இதற்கு ரீஸ்டார்ட் வேண்டாம், கவுண்டரில் நின்ற கூட்டத்துக்குத் தெரியாமலே முடிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சூட்டோடு சூடாக, படிக்க மட்டும் உரிமை உள்ள புதுப் பயனரை உருவாக்கி, ஐந்து இணைப்புக்கு மேல் கூடாது என்று அதற்கு எல்லையும் போட்டேன். பாஸ்வேர்டில் @ குறி. இணைப்பு விவரம் முழுவதையும் ஒரே யூ.ஆர்.எல். வரியாக எழுதியதால், முதல் @ வந்த இடத்தோடு பாஸ்வேர்டு முடிந்தது, அடுத்து வருவது ஹோஸ்ட் (டேட்டாபேஸ் இருக்கும் கம்ப்யூட்டர்) என்று அது எடுத்துக்கொண்டது. "இந்த ஹோஸ்ட் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற செய்தியில் ஹோஸ்ட் என்று பல்லிளித்தது என் பாஸ்வேர்டின் பின்பாதி. @ இருந்த இடத்தில் அதன் குறியீடான %40 என்று எழுதியதும் இணைந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு எனக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை. இணைப்புப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மாடியிலிருந்து ஓர் இணைப்பு வரும், அடுத்த முறை புதுப்பிப்பதற்குள் போய்விடும். நாலு பத்துக்குப் போன் அடித்தது, ஐயாதான். கை நடுங்க எடுத்தேன்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி, ஓடுது. அந்த ரூட்டருக்கு ஆன காசை உங்க கணக்குல கழிச்சுக்கலாமான்னு முதலாளி கேக்கறாருங்க."