சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்

நான்காம் தரத்துக்கு ஒரு நாள் கடற்கரை பற்றிய சின்னப் பந்தி ஒன்றை வாசிக்கக் கொடுத்தேன். ஏழு வரிகள், கீழே ஐந்து கேள்விகள். "கலங்கரை விளக்கம் எவற்றுக்கு வழி காட்டுகிறது?" என்பது மூன்றாவது கேள்வி. வகுப்பில் 26 பிள்ளைகள். 23 பேர் "கப்பல்களுக்கு" என்று சரியாக எழுதியிருந்தார்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்ததால், அந்தக் கலங்கரை விளக்கத்தைக் கொப்பியில் வரையச் சொன்னேன். பாதிக்கு மேல் குத்துவிளக்கு. ஒரு பிள்ளை ஐந்து திரியும் எரிகிற குத்துவிளக்கை அத்தனை அழகாக வரைந்து, பக்கத்தில் அதில் பாதி உயரம்கூட இல்லாத கப்பல் ஒன்றை நிறுத்தியிருந்தாள். அவளுடைய விடைத்தாளில் நான் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தேன்.

அவள்மேல் எந்தப் பிழையும் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்த்ததே கிடையாது. விளக்கு என்றால் அவளுக்குத் தெரிந்த விளக்கு அதுதான். மறுநாள் "வெளிச்ச வீடு" என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். "வீடு மாதிரி பெருசா டீச்சர்?" என்று அவளே கேட்டாள். நாட்டின் தென்கோடியில், தெவுந்தர முனையில் நிற்கும் வெளிச்ச வீடு 49 மீற்றர் உயரம், நம் ஸ்டோரைவிட, அதாவது தேயிலைத் தொழிற்சாலையைவிட, எத்தனையோ மடங்கு உயரம் என்றேன். கண்ணை அகல விரித்துவிட்டு, குத்துவிளக்கை அழித்து வேறு படம் வரைந்தாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விளங்காமலே எப்படி ஐந்துக்கு ஐந்து வாங்கினார்கள்? அதைச் சோதிக்க, மறு வாரம் அர்த்தமே இல்லாத ஒரு வசனத்தைக் கட்டி எழுதிப் போட்டேன். "லிப்பன் டிமுக்கை நொலாட்டில் கெப்பினான்." லிப்பன் டிமுக்கை எங்கே கெப்பினான்? வகுப்பே எழுந்து "நொலாட்டில்!" என்றது. எதைக் கெப்பினான்? "டிமுக்கை!" அங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. நம் மொழியில் வேற்றுமை உருபே விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. "எங்கே" என்றால் "இல்" என்று முடியும் சொல், "எதை" என்றால் "ஐ" என்று முடியும் சொல். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதைப் பிடித்துக்கொண்டார்கள். கிரகித்தல், அதாவது வாசித்து விளங்குதல், என்ற பெயரில் நான் இத்தனை வருடம் பிடிக்கக் கற்றுக் கொடுத்ததும் அந்த உருபைத்தான்.

அதற்குப் பிறகுதான் செயற்றிட்டங்களைத் தொடங்கினேன். வாசித்ததை வைத்துக் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்பது மட்டுமே விதி. கையால் செய்யும்போது உருபு உதவிக்கு வராது.

முதல் முயற்சி கொழுந்துக் கூடை. வாசிக்கும்போது விளங்காத சொல்லைச் சின்னத் தாளில் "கிள்ளி" எழுதிக் கூடையில் போட வேண்டும். சாயங்காலம் நிறுவை. சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வசனம் சொன்னால் அது ஸ்டோருக்குப் போகும், சொல்லாவிட்டால் கூடையிலேயே கிடக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் போல, மொட்டில் சொல், ஒரு இலையில் பொருள், மற்றதில் வசனம். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. இரண்டு வாரத்தில் சுவர் நிறையக் கொழுந்து.

அப்புறம் ஒரு தாய் வந்தார். மலையிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் பேசினார். "டீச்சர், நீங்க நல்லதுக்குத்தான் செய்றீங்க. ஆனா என் மக வீட்டுல தலையில கயித்தப் போட்டுக்கிட்டு கூட தூக்கி வெளாடுறா. இது என்னோட போகட்டும்னுதானே அவள இங்க அனுப்புறேன்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தேயிலை இலங்கையில் 1867 இல் வணிகப் பயிராக வேரூன்றிய நாளிலிருந்து எத்தனை தலைமுறை அந்தக் கயிற்றைத் தலையில் தாங்கியிருக்கும்! உள்ளூர்ப் பொருளை வைத்துக் கற்பிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள், அது சரிதான். ஆனால் எந்த உள்ளூர்ப் பொருள் என்பதைப் பிள்ளையின் தாயிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அன்றே கூடையை இறக்கினேன். உழைப்பை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அதைப் பிள்ளையின் விளையாட்டாக்கும் உரிமை எனக்கு இல்லை.

அடுத்து என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டபோது, கடைசி வாங்கில் இருந்த ஒருவன் "ரயில் செய்வோம் டீச்சர்" என்றான். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை போகும் ரயில் எங்கள் எல்லாருக்கும் சொந்தம்போல. பழைய கலண்டர் அட்டை, கோதுமை மாப் பசை, சக்கரத்துக்குச் சோடா மூடி. பிரிஸ்டல் அட்டை வாங்கும்படி யாரையும் கேட்கவில்லை. ஒரு கதையை வாசித்து, ஒரு பெட்டிக்கு ஒரு சம்பவமாக எழுதிக் கோர்க்க வேண்டும். எந்தப் பெட்டி முதலில், எது பின்னால் என்ற சண்டையே பாதிப் பாடம். கதை மாந்தரின் மனநிலையைச் சொல்லும் சொற்கள்தான் நிலையப் பலகைகள். "தயக்கம்" என்ற நிலையத்தில் ஏறி "துணிச்சல்" என்ற நிலையத்தில் இறங்குவார்கள். கதை உச்சத்துக்கு வரும் இடத்துக்குப் பட்டிப்பொல என்றே பெயர். பாதையிலேயே உயரமான நிலையம் அதுதானே.

ஆனால் ரயிலை உயிராக்கியது சுரங்கம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது, அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீளம். ரயில் அதற்குள் நுழைந்ததும் எல்லாரும் "ஹூ" என்று கத்துவோம். கதை வாசிக்கும்போது நான் ஓரிடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு "சுரங்கம்!" என்பேன். வகுப்பே கத்தி ஓயும். பிறகு சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் என்ன வரும் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்பதற்குக் கதையிலிருந்தே ஒரு வரியைக் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. இல்லாவிட்டால் எல்லாக் கதையிலும் யானை வந்துவிடும். காரணம் காட்டச் சொன்னதும், வாசித்த பக்கத்துக்குத் தாங்களாகத் திரும்பிப் போனார்கள். கேள்வியைப் பார்த்து விடையைத் தேடிய அதே பிள்ளைகள் இப்போது கதைக்குள் தடயம் தேடினார்கள்.

சொல்வளத்தைப் பற்றி நான் மனம் வருந்தும் ஒன்றையும் எழுத வேண்டும். ஆசிரியையாக வந்த புதிதில், "பணிய லயத்துல தண்ணி வரல" (லயம் என்றால் தோட்டத்துத் தொடர் வீடு) என்று ஒரு பையன் எழுதியதில் "பணிய" என்பதைச் சிவப்பு மையால் வெட்டி "கீழ்" என்று போட்டேன். அந்தத் தவணை முழுக்க அவன் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. வீட்டில் அவன் பேசுகிற தமிழ் பிழை என்று நான் சொன்னதாகத்தான் அவனுக்கு விளங்கியிருக்கும். இப்போது சுவரில் இரண்டு நிரல் உண்டு, வீட்டுச் சொல், புத்தகச் சொல். எதையும் வெட்டுவதில்லை. அம்மாயி, தாத்தாவிடம் கேட்டு வாரம் ஒரு சொல் கொண்டு வருவார்கள். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் எடுப்பது, பீலி என்றால் தண்ணீர் விழும் குழாய், கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டிவிடுவது, இஸ்தோப்பு என்றால் முன் விறாந்தை. அறையைச் சொல்லும் காம்பராவும், வாங்கும் போர்த்துக்கேயரோடு கப்பலில் வந்த சொற்கள், இஸ்தோப்பு ஒல்லாந்தர் சொல்லிலிருந்து வந்தது என்று சொன்ன நாளில், பிள்ளைகள் தாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கையே தடவிப் பார்த்தார்கள்.

எல்லாருக்கும் இது பலித்தது என்று சொல்லமாட்டேன். எழுத்துக்கூட்டி வாசிக்கவே தடுமாறுகிற இருவர் இருந்தார்கள். அழகாக ரயில் ஒட்டினார்கள், பெட்டிக்குள் எழுதியதோ பக்கத்தில் இருந்தவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது உயிர்மெய் எழுத்துகளோடு தினமும் அரை மணித்தியாலம். ரயிலின் அழகில் நான் அதைப் பார்க்கத் தவறிவிட்டேன். ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, எதற்கு இந்த வெட்டி ஒட்டும் வேலை என்று கேட்ட பெற்றோரும் உண்டு. அவர்களுடைய பயம் நியாயமானது. மாதிரி வினாத்தாளும் செய்விக்கிறேன்.

ஒக்டோபர் மழை தொடங்கியதும், மண்சரிவு எச்சரிக்கை அறிவித்தல் ஒன்றைப் பாடமாக எடுத்தேன். 2014 ஒக்டோபர் 29 இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேறிவிட வேண்டும். களிமண்ணில் ஒரு மலை செய்து, அறிவித்தலில் இருக்கும் அறிகுறிகளைக் குச்சிக் கொடிகளில் எழுதிக் குத்தச் சொன்னேன். சாய்ந்த மரம், திடீரென்று தோன்றும் ஊற்று, கலங்கிய நீர், நிலத்தில் வெடிப்பு.

"நெலத்துக்குள்ள வெடி வெப்பாங்களா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. வெடிப்பு என்பதைத் தீபாவளி வெடியாக நினைத்துவிட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்னால் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள், "இல்லடி, பொளந்துக்கிட்டு போறது. எங்க குசினிச் செவுத்துல இருக்கே, அது மாதிரி."

வீட்டுச் சொல் நிரலில் "பொளக்குறது" என்று எழுதினேன். பின்னேரம் அவளோடு அந்த லயத்துக்குப் போனேன். சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. கிராம உத்தியோகத்தருக்குச் சொன்னோம். வெடிப்பு முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, திகதியைப் போட்டுவைத்தால் வளர்கிறதா என்று தெரியும் என்றேன். ஒரு எட்டு வயதுக்காரி முழங்காலில் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, திகதியை எழுதினாள்.

இப்போதும் மழை பெய்த மறுநாள் காலை, வகுப்புக்குள் வந்து புத்தகப் பையை இறக்கும் முன்னால் என்னிடம் வருவாள்.

"தாண்டல டீச்சர்" என்பாள்.