பார்த்ததுக்கே காசு

அமெரிக்காவின் ஹூஸ்டனில் மே மாதம் கார் ஏசி சூடான காற்றை ஊத ஆரம்பித்தால், புதிதாக வந்தவரை வெயிலைவிட ஒர்க்‌ஷாப் கவுன்டர்தான் அதிகம் சுடும். என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லவே 150 டாலர் வரை கேட்பார்கள். சரிசெய்வது தனிக் கணக்கு. சென்னை புதுப்பேட்டையில் வண்டியை ஓரங்கட்டினால், மெக்கானிக் அண்ணன் பானட்டைத் தூக்கி, குழாயைத் தொட்டுப் பார்த்து, "கேஸ் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். பார்த்ததுக்குக் காசு என்று வாயெடுத்தால் தெருவே சிரிக்கும்.

அதே ஹூஸ்டன் தெருவில் எதிர்மாறான அதிசயமும் உண்டு. ஆட்டோசோன் மாதிரியான உதிரிபாகக் கடைகளில் வேக்வம் பம்ப் (ஏசி குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவது), மேனிஃபோல்டு கேஜ் (இரு பக்க அழுத்தத்தையும் காட்டும் இரட்டை மீட்டர்) எல்லாம் இரவல் தருவார்கள். முன்பணம் கட்டி எடுத்துப்போய் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தால் கட்டிய பணம் முழுதும் கைக்கு வந்துவிடும். நம் ஊரில் பக்கத்து வீட்டு ஸ்பேனரை வாங்கினாலே சாயங்காலத்துக்குள் மூன்று தடவை விசாரிப்பு வரும். (அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் குத்தகைப் பத்திரத்தை ஒருமுறை புரட்டுங்கள். பார்க்கிங்கில் வண்டி ரிப்பேர் கூடாது என்று பல இடங்களில் எழுதியிருக்கும்.)

கேஸ் பக்கம் போவதற்கு முன் சும்மா பார்க்க வேண்டியவை சில. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டர் சருகும் தூசுமாக அடைத்திருக்கலாம். ஏசி போட்டதும் கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரின் கிளட்ச் "டக்" என்று பிடிக்கிறதா, சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் ஃபேன் சுற்றுகிறதா? ஃபேன் ஓடாவிட்டால் ஓட்டும்போது குளிரும், சிக்னலில் நின்றால் வேர்க்கும்.

இங்கேதான் ஊர்ப்பழக்கம் காலை வாருகிறது. கோடைக்கு ஒருமுறை கேஸ் அடிப்பது நமக்குச் சடங்கு மாதிரி. ஆனால் ஏசி கேஸ் பெட்ரோல்போலத் தீர்ந்துபோவதில்லை. ஒரே வருஷத்தில் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே அர்த்தம். ஒற்றை மீட்டர் ஒட்டிய ரெடிமேட் கேஸ் கேன் அந்தச் சடங்கின் அமெரிக்க வடிவம். அது லோ சைடு (குறைந்த அழுத்தப் பக்கம்) அழுத்தத்தை மட்டும் காட்டும்; ஹை சைடை (உயர் அழுத்தப் பக்கம்) காட்டாது. முள் பச்சைக்கு வரட்டும் என்று ஏற்றிக்கொண்டே போனால் கேஸ் அளவு மீறி, குளிர் இன்னும் குறையும். அதிலும் ஒழுக்கடைப்பான் (ஓட்டையை அடைக்கும் ரசாயனம்) கலந்த கேனைத் தொடவே வேண்டாம். அது உள்ளே போன வண்டியைத் தங்கள் மெஷினில் மாட்ட மாட்டோம் என்று பல ஒர்க்‌ஷாப்கள் கைவிரித்துவிடும்.

பானட்டின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் கேஸின் வகையும் எடையும் இருக்கும். பழைய வண்டிகளுக்கு ஆர்-134ஏ, புதியவற்றுக்கு ஆர்-1234ஒய்எஃப். இரண்டின் போர்ட்டும் (கேஸ் ஏற்றும் வாய்) வேறு; ஒய்எஃப் விலையோ பல மடங்கு. 134ஏ வண்டியில், இன்ஜினை அணைத்து, எல்லாம் ஆறியபின் கேஜ் மாட்டுங்கள். 35 டிகிரி வெயிலில் இரண்டு முள்ளும் 115 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பக்கம் நின்றால் உள்ளே திரவம் மிச்சமிருக்கிறது. எவ்வளவு என்பதை அது சொல்லாது. 30, 40தான் என்றால் பெரும்பகுதி போய்விட்டது.

ஒழுக்கைத் தேட, யூவி ஒளியில் மின்னும் சாயமும் யூவி டார்ச்சும் உதவும். சர்வீஸ் போர்ட் வால்வில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டாலே சில சமயம் குமிழி காட்டிக்கொடுக்கும். அடுத்து, கல்லடி பட்ட கண்டன்சர், கம்ப்ரசரின் முன்பக்க சீல், ஹோஸ் மூட்டுகள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டிய இடம்தான் குற்றவாளி. கழற்றுவதற்கு முன் மிச்ச கேஸை ஒர்க்‌ஷாப் மெஷினில் இழுத்துவிட வேண்டும். காற்றில் திறந்துவிடுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். (ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கே கேஸ் வேலைக்கு உரிமம் வேண்டும்.) ஓ-ரிங்குகள் (மூட்டுகளில் வரும் ரப்பர் வளையங்கள்) எல்லாம் புதிதாக, பிஏஜி என்ற ஏசி எண்ணெய் தடவித்தான் போக வேண்டும். கண்டன்சர் மாற்றினால் அதற்கு 30 மி.லி. அளவில் எண்ணெய் சேர்க்க வேண்டும். அந்த எண்ணெய் ஐப்பசி மாதத்து உப்புபோல ஈரத்தை இழுக்கும், டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள்.

பிறகு வேக்வம். 45 நிமிடம் பம்ப் ஓடட்டும். முள் பூஜ்ஜியத்துக்குக் கீழே 29 அங்குல வேக்வத்தைத் தொட்டதும் வால்வுகளை மூடி, பம்பை நிறுத்தி, அரை மணி காத்திருங்கள். முள் ஏறினால் ஒழுக்கு இன்னும் இருக்கிறது. இந்த அரை மணிதான் பொறுமையைச் சோதிக்கும். ஊரென்றால் ஒரு டீயும் ஒரு அரசியல் வாக்குவாதமும் முடிந்திருக்கும். இங்கே அணில் மட்டும்தான் எட்டிப்பார்க்கும். அவசரப்பட்டால் உள்ளே தங்கிய ஈரம், கேஸ் புகும் சிறு துளையான எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும்.

கேஸ் ஏற்ற, இட்லிக்கு அரிசி நிறுக்கும் சமையலறைத் தராசே போதும். ஒரு கேனில் 340 கிராம். ஸ்டிக்கர் 500 என்றால் இரண்டாவது கேனில் 160 மட்டும். முதலில் ஹோஸில் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். இன்ஜின் ஓட, ஏசி முழுவேகத்தில், கதவுகள் திறந்திருக்க, கேன் நிமிர்ந்தபடி, நீல நிற லோ சைடு வழியாக மட்டும். ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால் ஹை சைடு அழுத்தம் கேனுக்குள் பாய்ந்து, கேன் கையிலேயே வெடிக்கலாம். கேன் பனிபிடித்துச் சோர்ந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், கொதிநீரில் அல்ல. 35 டிகிரியில் லோ சுமார் 35 முதல் 45, ஹை சுமார் 210 முதல் 240 பிஎஸ்ஐ என்று நின்றால் பெரும்பாலும் சரி. எடை சரியாக இருந்தும் இரண்டு முள்ளும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசர் இழுக்கவில்லை.

பத்து நிமிடத்தில் வண்டிக்கு அடியில் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விழும். பம்பைத் துடைத்துக் கடையில் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ராத்திரி ஊருக்குப் பேசும்போது வண்டி என்னாச்சு என்று அப்பா கேட்பார். வேக்வம், தராசு, ஓ-ரிங் எல்லாவற்றையும் விளக்க வாயெடுத்து, கடைசியில் நம் வாயில் வருவது, "கேஸ் அடிச்சாச்சுப்பா."