லாரா ஆர்எஸ்ஸின் முன்சக்கரத் துள்ளல்: எட்டு மாதம், 40,000 ரூபாய்

ஈரத் தரையில் முதல் கியரில் அழுத்திப் பிடித்தால் என் ஸ்கோடா லாரா ஆர்எஸ் காரின் முன்பக்கம் தடதடவென்று அடிக்கும். ஸ்டியரிங் கையில் உதறும். டாஷ்போர்டு நடுங்கும். காலுக்கடியில் யாரோ சுத்தியலால் இடிப்பதுபோல் இருக்கும். சக்கரம் வழுக்கிச் சுற்றினால் ‘வீர்’ என்று ஒரே சீரான சத்தம்தான் வரும். இது அப்படியில்லை. சக்கரம் தரையைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, அதே வேகத்தில் குதிக்கிறது. இதைத்தான் வீல் ஹாப் என்கிறார்கள்.

என்னுடையது 2012 மாடல். 1.8 டிஎஸ்ஐ இன்ஜின், ஆறு கியர் மேனுவல். கம்பெனியிலிருந்து வரும்போது 160 பிஎஸ் சக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). ரீமேப், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் மாற்றம், செய்தபின் டார்க் 320 பக்கம் வந்தது. வண்டி அப்போதே 95,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அந்த வயதில் அடிப்பகுதி ரப்பரெல்லாம் எந்த நிலையில் இருக்கும் என்று பார்க்காமல் டார்க்கை ஏற்றினேன். துள்ளல் அங்கேதான் ஆரம்பித்தது.

சத்தம்தானே என்று விட்டுவிடக்கூடிய விஷயமில்லை இது. டயர் தரையைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜினின் மொத்த முறுக்கும், சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டில் அடியாக இறங்குகிறது. அதன் முனையிலுள்ள சிவி ஜாயின்ட், இரு சக்கரங்களுக்கும் முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல், கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்ட் எல்லாம் அந்த அடியை வாங்குகின்றன. துள்ளல் தொடங்கிய நொடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தாண்டிவிடும்’ என்று பிடித்தபிடியாக நின்று டிரைவ் ஷாஃப்டை முறித்தவர்கள் உண்டு.

விசாரித்தபோது கிடைத்த யோசனைகளில் பாதி ‘வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போடு’, மீதி ‘காயில்ஓவர் போடு’. ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வரும், உயரம் மாற்றக்கூடிய அந்த காயில்ஓவருக்கு எனக்குச் சொன்ன விலை ஒரு லட்சத்துக்கு மேல். அவ்வளவு பணம் கையில் இல்லை. நல்லவேளையாக, எங்கள் கோவையில் பல வருடமாக என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் முதலில் போனேன். வண்டியைத் தூக்கி, சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்புற புஷ் (ரப்பர் உருளை) பக்கத்தில் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். ஆர்ம் முன்னும் பின்னும் ஒரு விரல் அகலம் ஆடியது. ரப்பரில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

“ஸ்பிரிங்கைத் தொடாதீங்க தம்பி. இவ்வளவு ஆட்டத்தை வெச்சுக்கிட்டு மேல என்ன மாத்தியும் பிரயோஜனமில்லீங்க” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். டார்க் வந்ததும் டயரின் பக்கச்சுவர் முறுக்கிக்கொள்கிறது. கூடவே லோயர் ஆர்ம் புஷ் நசுங்கி, சக்கரம் முன்னே நகர்கிறது. இன்ஜினும் தன் மவுண்டில் சாய்கிறது. மூன்றும் ரப்பர் பேண்டு மாதிரி சக்தியைச் சேர்த்து வைக்கின்றன. டயர் வழுக்கியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் அவிழ்ந்து பின்னே அடிக்கிறது, டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி முறுக்கு ஏறுகிறது. இந்த ஆட்டத்தை அடக்க வேண்டியது ஷாக் அப்சார்பர். அது தளர்ந்திருந்தால் ஆட்டம் நிற்பதேயில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வீடியோ எடுத்து வைக்க முடிவு செய்தோம். நண்பன் ஒருவனின் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய நூற்பாலை மூடிக் கிடக்கிறது. அதன் பெரிய கான்கிரீட் முற்றத்தில் ஆள் நடமாட்டம் கிடையாது. அங்கே தரையில் தண்ணீர் ஊற்றி, முன்சக்கரத்துக்கு நேரே, எட்ட நின்று, நண்பன் போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் எடுத்தான். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எண்ணினேன். ஒரு துள்ளலுக்கும் அடுத்த துள்ளலுக்கும் இடையே ஏறக்குறைய 20 ஃபிரேம். அதாவது நொடிக்கு 12 முறை சக்கரம் எழும்பி விழுகிறது. சக்கரம் முன்னும் பின்னும் ஆடுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதே முற்றம், அதே ஈரம், அதே வீடியோ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று உறுதியாக இருந்தேன். இல்லாவிட்டால் எதனால் குறைந்தது என்று தெரியாமலே பணம் போயிருக்கும்.

முதலில் டயர். பக்கச்சுவரில் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும் நாலு இலக்க எண்ணைப் பார்த்தேன், ஏழு வயது ஆகியிருந்தது. ரப்பர் இறுகிப்போயிருந்தது. எப்படியும் மாற்ற வேண்டியவை, அதனால் அந்தச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதே 225/45 ஆர்17 அளவில் புதியவை போட்டேன். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. துள்ளல் தொடங்குவது தள்ளிப்போனது, ஆனால் தொடங்கினால் முன்பைவிட பலமாக அடித்தது. பிடிமானம் கூடக் கூட அவிழும்போது வரும் அடியும் கூடுகிறது. ‘நல்ல டயர் போட்டால் சரியாகிவிடும்’ என்பது பாதி உண்மைதான். காற்றழுத்தத்தையும் 36, 33, 30 பிஎஸ்ஐ என்று மாற்றிப் பார்த்தேன். என் வண்டிக்கு 33 கொஞ்சம் தேவலை.

அடுத்தது டாக்போன் மவுண்ட். கியர்பாக்ஸின் அடியிலிருந்து சப்ஃபிரேமுக்கு (அடியிலுள்ள இரும்புச் சட்டத்துக்கு) போகும் சின்ன இணைப்பு அது. இன்ஜின் முன்னும் பின்னும் சாய்வதை அதுதான் தடுக்கிறது. அதன் ரப்பரில் பெரிய வெற்றிடங்கள் இருக்கும். அந்த இடைவெளியில் பாலியூரிதேன் துண்டு ஒன்றைச் செருகிவிட்டால் சாய்வு குறையும். அழுத்தி ஏற்றும் பிரஸ் இயந்திரம் வேண்டாம், மூன்று போல்ட் கழற்றினால் போதும். கோவையில் லேத்துக்கும் அச்சுக்கும் பஞ்சமில்லை என்பதால் அளவெடுத்துக் கொடுத்து 90 ஷோர் (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவு) கடினத்தில் ஒன்று வார்க்கச் சொன்னேன். துள்ளல் குறைந்தது உண்மை. ஆனால் சிக்னலில் ஏசியோடு நின்றால் கண்ணாடி நடுங்கும், பின்சீட்டில் அம்மாவுக்கு முதுகு வலி. கடினத்தை நான் தேர்ந்தெடுத்தது தவறு, வார்த்தவர் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பத்து நாளில் அதை எடுத்துவிட்டு, பவர்ஃபிளெக்ஸின் தெருப் பயன்பாட்டுக்கான மஞ்சள் நிறத் துண்டை 5,800 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். இப்போது ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் லேசான அதிர்வு. கழற்றும் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை. பழையதையே திரும்பப் போடாதீர்கள்.

பெரிய மாற்றம் லோயர் ஆர்ம் புஷ்ஷில்தான் வந்தது. ஒரிஜினல் பின்புற புஷ்ஷில் சொகுசுக்காக வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதே பிளாட்ஃபார்மில் (அடிக்கட்டமைப்பில்) வந்த ஆடி டிடி, எஸ்3 கார்களில் வெற்றிடமில்லாத முழு ரப்பர் புஷ் வருகிறது. அது இந்த ஆர்மிலும் அப்படியே உட்காரும். பாலியூரிதேனுக்குப் போகாமல் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ரப்பர் சத்தம் போடாது, கிரீஸ் வைக்கத் தேவையில்லை. ஜோடி 4,600 ரூபாய்.

எங்கள் அண்ணனிடம் ஹைட்ராலிக் பிரஸ் இல்லாததால் வேறொரு பட்டறையில் கொடுத்தேன். மாலையில் வண்டி வந்தது, முதல் வீடியோவிலேயே துள்ளல் பாதிக்கும் கீழே போயிருந்தது. சந்தோஷம் ஆறு வாரம்தான். ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் ‘க்ரீச்’ சத்தம், அப்புறம் இடதுபக்கம் பழைய ஆட்டம். கழற்றிப் பார்த்தால் புது புஷ்ஷின் ரப்பர் உள்குழாயிலிருந்து கிழிந்திருந்தது. வண்டி லிஃப்டில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கியிருக்கிறார்கள். இந்த வகை புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருக்கும். ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் இறுக்கினால் அதுவே ரப்பரின் இயல்பு நிலையாகிவிடும். வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுகியபடியே கிடக்கும். கேட்டதற்கு அந்தப் பட்டறையில் பொறுப்பேற்கவில்லை. இன்னொரு புஷ்ஷுக்கும் வேலைக்கும் நானே கொடுத்தேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரண்டாம் முறை அண்ணனே நின்று செய்தார், பிரஸ் வேலைக்கு மட்டும் ஆர்மை வெளியே அனுப்பினார். வண்டியைத் தூக்கும் முன், சமதரையில் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து சாக்பீஸில் எழுதிக்கொண்டார். புஷ் போட்ட ஆர்மை மாட்டி, போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை தூக்கி, அதன் பிறகுதான் டார்க் ரெஞ்சை எடுத்தார். யாரிடம் வேலை கொடுத்தாலும் இந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

கடைசியில் ஷாக். புஷ் சரியானபின் வீடியோவில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. முன்பு நிற்காமல் போய்க்கொண்டிருந்த துள்ளல், இப்போது மூன்று நான்கு எழும்பலில் அடங்குகிறது. அதையும் அடக்கத்தான் ஷாக். ஒரிஜினல் ஆர்எஸ் ஷாக்குக்கு ஈடான முன்பக்க ஜோடி, கூடவே மேல் மவுண்ட், பேரிங், எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். மொத்தச் செலவில் பெரும்பங்கு இதுதான். ஆனால் இதை முதலில் செய்திருந்தால் காசு வீண். ஆடும் ஆர்மை ஷாக்கால் பிடித்து நிறுத்த முடியாது, அது மேலும் கீழும்தான் வேலை செய்யும். ஸ்பிரிங்கை மாற்றவில்லை. வண்டியைத் தாழ்த்தினால் சஸ்பென்ஷன் ஓடும் தூரம் குறைகிறது, சின்னக் குழியிலேயே பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் முட்டும். எங்கள் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களுக்கு அதுவும் ஒத்துவராது.

நான் நினைத்துப் பார்க்காத ஒரு பலனும் கிடைத்தது. பிரேக் பிடிக்கும்போது வண்டி முன்பு லேசாக இடதுபக்கம் இழுக்கும், அது நின்றுவிட்டது. நெடுஞ்சாலையில் பாதை மாற்றும்போது ஸ்டியரிங் சொன்ன உடனே கேட்கிறது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி சோதனைக்கு அண்ணனையும் முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முதல் கியரில் அழுத்தச் சொன்னார். சக்கரம் வழுக்கிச் சுற்றியது, ‘வீர்’ என்ற ஒரே சீரான சத்தம், ஸ்டியரிங் அசையவில்லை. “இப்ப சுத்துது, ஆனா குதிக்கலீங்க தம்பி” என்றார். இறங்கி பானட்டைத் திறந்து, டைமிங் செயின் இருக்கும் பக்கத்து இன்ஜின் மவுண்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். அதன் ரப்பரிலும் மெல்லிய வெடிப்பு தொடங்கியிருந்தது. புது மவுண்ட் ஆர்டர் போட்டாயிற்று, அடுத்த மாதம் மாட்டுகிறோம்.