தம்பிக்கு நன்றாக நீந்தத் தெரியும்

2024 ஓகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கீரிமலைக்குப் போனோம். கிரியை முடிந்து கேணியில் இறங்கினோம். தங்கச்சியின் மகனும் கூட வந்தான். 13 வயது, மீன்குஞ்சு மாதிரி நீந்துவான். கட்டிலிருந்து குதித்தான், நாலைந்து வீச்சு போட்டான், பிறகு அசைவில்லை. முகம் தண்ணீருக்குள். மூச்சடக்கி விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப் படியில் கிடத்தினார். சில நொடியில் தானாகவே கண் திறந்து, "என்ன மாமா?" என்றான்.

அம்மாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. 1982இல் என் தம்பி ஊர்க்குளத்தில் மூழ்கிச் செத்துப்போனான். அவனுக்கு 14 வயது. அவனும் நன்றாக நீந்துவான்.

ஓகஸ்ட் 7, புதன்

காட்டிய இடத்தில் வலிப்பு என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. போன வருடம் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் 400 மீற்றர் ஓடும்போதும் பெடியன் விழுந்தவனாம். வெயில், காலையில் சாப்பிடவில்லை என்று விட்டுவிட்டார்கள். வலிப்பென்றால் ஓடும்போதும் நீந்தும்போதும் மட்டும் ஏன் வருகிறது? தாதியாக வேலை செய்யும் மச்சாளிடம் கேட்டேன். "முதலில ஒரு ஈ.சி.ஜி. எடுங்கோ அண்ணை" என்றா.

ஓகஸ்ட் 19, திங்கள்

இதய வைத்திய நிபுணர் ஈ.சி.ஜி. தாளை மேசையில் விரித்து, பேனை முனையால் சின்னச் சதுரங்களை எண்ணிக் காட்டினார். ஒரு சதுரம் 0.04 செக்கன். கியூ என்ற புள்ளியிலிருந்து ரி அலை அடங்கும்வரை 12 சதுரம், அதாவது 0.48 செக்கன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் 22 சதுரம், 0.88 செக்கன். முதலாவதை இரண்டாவதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். பசெற் என்பவர் 1920இல் தந்த சூத்திரம். முப்பது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன், வர்க்கமூலம் இப்படி ஒரு பிள்ளையின் உயிரோடு வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை. விடை 512 மில்லிசெக்கன். 500ஐத் தாண்டினால் ஆபத்து கூட என்றார். இந்த நோயின் பெயர் நீண்ட கியூ-ரி, ஆங்கிலத்தில் Long QT.

பிறகு கேட்டார்: "குடும்பத்தில ஆரும் சின்ன வயதில திடீரெண்டு போனவையோ? தண்ணியில?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். எனக்கு உடனே வாய் வரவில்லை.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

இரவு முழுக்க வாசித்தேன். விளங்கியதை எழுதி வைக்கிறேன்.

இதயக் கலம் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குக் கலத்துக்குள் இருக்கும் பொற்றாசியம் வெளியே போக வேண்டும். அது போகும் வாய்க்கால்களில் ஒன்றைக் கட்டும் பரம்பரையலகின் பெயர் கே.சி.என்.கியூ.1. 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, 1996இல் கண்டுபிடித்தார்கள். ஓடும்போதோ நீந்தும்போதோ அதிரினலின் ஏறி இதயம் வேகமாக அடிக்கும். அந்த நேரத்தில் இந்த வாய்க்கால் இன்னும் அகலத் திறந்து, கலத்தைச் சுருக்காக ஆற்றிவிட வேண்டும். பழுதென்றால் அது நடக்காது. முன்னைய துடிப்பு ஆறி முடியுமுன் அடுத்தது வந்து விழும். தாளம் குழம்பி இதயம் சும்மா துடிதுடிக்கும், மூளைக்கு இரத்தம் போகாது. மயங்கி விழுவது அதனால்தான். சிலருக்குத் தாளம் தானாகத் திரும்பும். சிலருக்குத் திரும்பாது.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு வாய்க்காலில் பழுதிருந்தால், விடியற்காலையில் அலாரம் அடித்தாலே சிலர் மயங்கி விழுவார்களாம்.

செப்டெம்பர் 1, ஞாயிறு

பெடியன் காலை, மாலை புரோப்ரனலோல் போடுகிறான், அதிரினலினின் வேகத்தை அடக்கும் குளிசை. ஒரு நேரமும் தவறக்கூடாது. நீச்சலும் ஓட்டப்போட்டியும் இல்லை. தனக்குத் தெரியக்கூடாதென்று ஒளித்து அழுகிறான் என்று தங்கச்சி சொன்னாள். தொடக்கூடாத மருந்துகளின் பட்டியலை மடித்து அவன் பேர்சில் வைத்திருக்கிறேன்: கிருமிக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன். வயிற்றோட்டம் வந்தால் பொற்றாசியம் இறங்கும், உடனே ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல் தூள்) கரைத்துக் கொடுக்க வேண்டும்.

இன்று அம்மாவுக்குச் சொன்னோம். அன்றைக்கு "போய் முழுகிப்போட்டு வா" என்று தம்பியை அனுப்பியது அவதான். 42 வருடமாக அதை ஒருவரோடும் கதைத்ததில்லை. நான் சொல்லி முடிய, அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா: "அப்ப நான் அனுப்பினதால இல்லையோ?"

தம்பிக்கு ஈ.சி.ஜி. எடுத்தவர் ஒருவருமில்லை. உறுதியாகச் சொல்ல வழியில்லை. அதையும் சொன்னேன். பந்தடிக்கும்போதும் அது நடந்திருக்கலாம் அம்மா என்றும் சொன்னேன்.

நவம்பர் 23, சனி

அந்தப் பரம்பரையலகைப் பார்க்க எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. பெடியனுக்கும் தங்கச்சிக்கும் அதே மாற்றம். எனக்கில்லை. அம்மாவுக்கு இருக்கிறது. 82 வயதுவரை கிணற்றில் அள்ளி, புகையிலைக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாளும் மயங்காத மனுசி. மாற்றம் இருந்தும் அது வெளியே காட்டாதவர்கள் இருக்கிறார்கள் என்றார் வைத்தியர்.

"நான் குடுத்ததுதானே ஐயா" என்றா அம்மா.

"உங்களுக்கும் ஆரோ தந்ததுதான் அம்மா. தெரிஞ்சு ஒருத்தரும் குடுக்கிறேல்ல."

ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. தங்கச்சி மெல்லக் கேட்டாள், மச்சான் மச்சாள் கலியாணம் எப்படி என்று. எங்கள் பக்கம் அது வழமை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்றென இரண்டு பிரதியும் பழுதானால் காதும் கேட்காது, இதயமும் கடுமையாகப் பாதிக்கும் என்றார். 1957இல் நோர்வேயில் ஒரு குடும்பத்தில் ஆறு பிள்ளைகளில் நாலு பேருக்கு அப்படி இருந்து, மூன்று பேர் திடீரென்று போனார்களாம். வீடு வரும்வரை அந்தத் தாயை நினைத்துக்கொண்டே வந்தேன்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானையை இறக்கியதும் அம்மா என் போனை வாங்கிக்கொண்டு விறாந்தையில் இருந்துவிட்டா. பெரியம்மாவின் பிள்ளைகள் கனடாவில், சின்னம்மாவின் பிள்ளைகள் லண்டனில். கண் தெரியாததால் இலக்கத்தைப் பெடியன்தான் அழுத்திக் கொடுக்கிறான். பொங்கல் வாழ்த்துக்குப் பிறகு எல்லாருக்கும் அதே கதைதான்.

"மோனே, பிள்ளையளுக்கு ஒருக்கா ஈ.சி.ஜி. எடு. ஓம், ஓம், சும்மாதான் இருக்கினம் எண்டு எனக்கும் தெரியும். நீ எடு."